வெயில் மரபணுவை மாற்றவில்லை

மாணவர்களின் அறிவியல் கண்காட்சியில் இந்த ஆண்டும் அதே வரி. "29 டிகிரி வெப்பத்தால் பழ ஈக்களின் மரபணு மாறியது" என்று ஆய்வேட்டில் எழுதி, அதையே கண்காட்சி அட்டையில் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டார்கள். மண்டபம் ஊரிலிருந்து வந்திருந்த ஒரு மீனவப் பெண் அதைப் படித்துவிட்டு, "எம் புள்ள நாள் முழுக்க கடக்கரை வெயில்லதான் கெடக்கான், அவனுக்கும் இப்படி ஆயிருமா சார்?" என்று கேட்டார். விலங்கியல் சொல்லித்தரும் எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

சோதனைக்கு எடுத்த அந்த ஈக்களில் பிறழ்வு, அதாவது மரபணுவில் உள்ள மாற்றம் (mutation), முட்டையிலேயே இருக்கிறது. 18 டிகிரியில் வளர்த்தாலும் இருக்கிறது, 29இல் வளர்த்தாலும் இருக்கிறது. சூட்டில் குலைவது அந்த மரபணு தரும் புரதம் மட்டுமே. பதம் தப்பிய கருப்பட்டி கோடையில் கட்டியாகத்தான் இருக்கும், ஐப்பசி ஈரக்காற்று பட்டால் இளகும். குற்றம் காய்ச்சியபோதே நடந்தது, காற்று அதைக் காட்டிக்கொடுத்தது.

நம்பாதவர்கள் ஷிபிரே என்ற மரபணுவில் இப்படியொரு பிறழ்வு உள்ள ஈயைப் பாருங்கள். மரபியலாளர் டேவிட் சுசுகியின் குழு 1973இல் வெளியிட்டது. 29 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஓரிரு நிமிடத்தில் முடங்கி விழும், 22க்கு இறக்கினால் எழுந்து நடக்கும். மரபணுவே மாறியிருந்தால் நிமிடக்கணக்கில் எப்படித் திரும்பும்? அதே 29இல் பிறழ்வில்லாத ஈ பக்கத்துக் குப்பியில் சாதாரணமாகப் பறந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கத்துக் குப்பியைத்தான் நம் பிள்ளைகள் வைப்பதே இல்லை! (சூடு பிறழ்வு வேகத்தைக் கூட்டும் என்று மரபியலாளர் முல்லர் 1928இல் காட்டியது உண்மை. அது வேறு கேள்வி, இங்கே கலக்காதீர்கள்.)

உடல் வளர்ச்சியை ஆராய்வதில் சூட்டில் வெளிப்படும் இந்தப் பிறழ்வின் அருமை இன்னும் பெரிது. ஷிபிரே புழுவையோ கூட்டுப்புழுவையோ சில மணி நேரம் மட்டும் சூட்டில் வைத்துத் திருப்பினால், வைத்த நேரத்தைப் பொறுத்துக் கண்ணில் வடு விழும், அல்லது உடல்முடி இல்லாமல் போகும். எந்த உறுப்புக்கு அந்தப் புரதம் எப்போது தேவை என்று இப்படித்தான் கண்டுபிடிக்கிறோம். பாலினத்தைத் தீர்மானிப்பதில் பங்குள்ள டிரான்ஸ்ஃபார்மர்-2 மரபணுவில் இப்படியொரு பிறழ்வு உள்ள, இரண்டு எக்ஸ் குரோமோசோம் கொண்ட (வழக்கமாகப் பெண்ணாகும்) ஈ 16 டிகிரியில் பெண்ணாக வளரும், 29இல் ஆண் உருவம் எடுக்கும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் சித்திரையில் மேசைமேல் வைத்த குப்பியே 30ஐத் தாண்டும். மார்கழியிலும் அறை 18க்கு இறங்காது. அதனால் குளிரூட்டும் இன்குபேட்டர் இல்லாமல் இந்தச் சோதனையைத் தொடாதீர்கள். உள்ளே ஒரு வெப்பமானி வைத்துக் காலை, மாலை எழுதுங்கள். மின்சாரம் போன நேரத்தையும் எழுதுங்கள், மறைக்காதீர்கள். 30 டிகிரியில் சாதாரண ஆண் ஈயே மலடாகும், அதைப் பிறழ்வின் கணக்கில் சேர்க்காதீர்கள். 25இல் பத்து நாளில் வரும் ஈ, 18இல் ஏறக்குறைய இரு மடங்கு நாள் எடுக்கும். ஒப்பிடும்போது தேதியை விட்டுவிட்டு வளர்ச்சி நிலையைப் பாருங்கள். கடல் ஈரத்தில் ஈக்களுக்கு வைக்கும் ரவை உணவில் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், புரோபியானிக் அமிலம் சேர்க்க மறக்காதீர்கள்.

வழிகாட்டும் ஆசிரியர்களே, உங்களிடம் ஒரே வேண்டுகோள். அட்டையை ஒட்டுமுன் அந்த வரியை ஒருமுறை படித்துவிடுங்கள். "பிறழ்வு ஏற்கெனவே இருந்தது, 29 டிகிரியில் வெளிப்பட்டது" என்று திருத்த ஒரு நிமிடம் போதும்.