பிள்ளைக்கு ஜீவனாம்சம்: தொகையை எப்படி முடிவு செய்கிறார்கள்?

"சம்பளத்தில் கால்வாசி கட்டாயம் கிடைக்கும்" என்று நாகர்கோவில் கோர்ட் வாசலில் யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2017-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 25 சதவீதம் நியாயமானது என்றது உண்மைதான். ஆனால் பிள்ளைக்கு இத்தனை சதவீதம் என்று சட்டத்தில் எழுதி வைக்கவில்லை. பழைய 500 ரூபாய் உச்சவரம்பும் 2001-இலேயே போய்விட்டது.

'125 கேஸ்' (பழைய சட்டத்தின் 125-ஆம் பிரிவில் போடும் ஜீவனாம்ச வழக்கு) என்று இன்னும் பேச்சில் இருப்பது, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு. எந்த மதமானாலும் சரி, பெற்றோருக்குக் கல்யாணமே ஆகாவிட்டாலும் சரி, பிள்ளைக்கு உரிமை உண்டு. கணவன் வெளியூரில் இருந்தாலும் மனைவி தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம்.

தொகை நிற்பது பெரும்பாலும் ஒரே காகிதத்தில். 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் இரு தரப்பும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் ஒருவர், "மழையில் வேலையே இல்லை, எங்கே கொடுக்க?" என்கிறார் என்று வையுங்கள். மழை நாள் கணக்கு மட்டும் போதாது. வெட்டு நடந்த மாதங்களின் கூலியும் பாங்க் பாஸ்புக்கும் பேசும். உடல் திடமுள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவி பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கறாராகவே சொல்லியிருக்கிறது.

தாயின் பக்கம் சாப்பாடு, துணி, வீட்டு வாடகை, மருந்து, ஸ்கூல் ஃபீஸ், வேன், டியூஷன் எல்லாம் கணக்கில் சேரும். ரசீதை எடுத்து வையுங்கள். "மாதம் பதினைந்தாயிரம் ஆகுது" என்று மொத்தமாகச் சொல்வதைவிட, வேனுக்கு இவ்வளவு, டியூஷனுக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது எடுபடும். தாய்க்கு வேலை இருந்தால் படிப்புச் செலவைப் பங்கிடலாம். அதனால் அப்பாவின் கடமை போய்விடாது.

வழக்கு இழுக்கும் என்று பயந்தால் இடைக்காலத் தொகை கேளுங்கள். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். இறுதித் தொகை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். பின்னால் விலைவாசியோ வருமானமோ மாறினால், தொகையை மாற்றவும் கேட்கலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-க்குக் கூப்பிடுங்கள்.

அப்புறம், உத்தரவு கிடைத்தும் பணம் வராத மாதங்களை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பாக்கிக்கு வாரண்ட் கேட்க, அது கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடம்தான் அவகாசம்.