ஒரே வாரத்தில் இரண்டு வியாழன்

விக்டோரியா ராணி காலத்துப் பாய்மரக் கப்பலில் வேலை பழகப் போன ஒரு பையனின் நாட்குறிப்பைப் படித்த வாசகர் கேட்கிறார்: "ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டன் திரும்பும் வழியில் அடுத்தடுத்த இரண்டு நாளுக்கும் ஒரே தேதி, ஒரே கிழமை போட்டிருக்கிறான். தூக்கக் கலக்கமா?"

தூக்கம் குறைந்தது உண்மைதான். தேதி சரி.

கட்டி சார்க் போன்ற, ஆஸ்திரேலியக் கம்பளியை ஏற்றிவந்த பாய்மரக் கப்பல்கள் போன வழியிலேயே திரும்புவதில்லை. நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே இறங்கினால் மேற்கிலிருந்து ஓயாமல் பலத்த காற்று வீசும். அதைப் பிடித்து ஆஸ்திரேலியா போவார்கள். திரும்பும்போதும் அதே காற்றில் இன்னும் கிழக்கே போய், தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றி லண்டன் வருவார்கள். ஆக, ஒரு நடை போய்வந்தால் உலகத்தையே ஒரு சுற்று வந்தாயிற்று.

கப்பலில் நண்பகலை முடிவு செய்வது சூரியன். சூரியனின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவி வழியாகக் கேப்டன் பார்த்துக்கொண்டே இருப்பார். சூரியன் மேலே ஏறுவது நின்றதும் மணியை எட்டு முறை அடிக்கச் சொல்வார். கப்பல் கடிகாரம் பன்னிரண்டுக்குத் திருத்தப்படும். குரோனோமீட்டர் என்ற துல்லியமான கடிகாரத்தை மட்டும் தொடமாட்டார்கள், அது தீர்க்கரேகைக் கணக்கு தொடங்கும் லண்டன் கிரீனிச்சின் நேரத்திலேயே ஓடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை என்று கணக்கிட்டால் தீர்க்கரேகை கிடைத்துவிடும்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். கிழக்கே ஓடும் கப்பல் சூரியனை எதிர்கொண்டு போகிறது, அதனால் நண்பகல் சீக்கிரம் வந்துவிடும். தெற்கு 50 பாகை அட்சரேகையில் ஒரு தீர்க்கரேகைப் பாகையின் அகலம் 39 கடல் மைலுக்கும் குறைவு. ஒரு நாளில் 250 கடல் மைல் ஓடினால் ஆறரைப் பாகை தாண்டும்; அந்த நாளில் 26 நிமிடம் காணாமல் போகும். பையனின் தூக்கம் குறைந்தது இப்படித்தான். 360 பாகையையும் நான்கால் பெருக்குங்கள்: 1440 நிமிடம், சரியாக ஒரு நாள்!

மாதாமாதம் பிடித்த சேமநல நிதி மொத்தமாகக் கைக்கு வருவது போல, கிரீனிச்சுக்கு நேர் எதிர்ப்புறம் இருக்கும் 180 பாகைத் தீர்க்கரேகையைத் தாண்டும்போது அந்த நாள் திரும்பக் கிடைக்கிறது. வியாழன் முடிந்ததும் மறுபடி வியாழன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிரீனிச்சிலிருந்து அதுவரை பிடித்தது 12 மணி நேரம்தான், கொடுப்பதோ 24. மீதிப் பாதி முன்பணம்! ஹார்ன் முனையைச் சுற்றி லண்டன் சேர்வதற்குள் அதுவும் கழிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை புறப்பட்டால் ஆகாது என்று நம்பிய மாலுமிகள் ஏராளம். கிழமையை மாற்றுவதே தங்கள் கேப்டன்தான் என்று கண்ணெதிரே பார்த்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான். நம் ஊரில் நல்ல நேரம் பார்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும்.

மேற்கே போனால் கணக்கு தலைகீழ். மகெல்லன் தொடங்கிவைத்த முதல் உலகச் சுற்றுப் பயணத்தில் மிஞ்சிய கப்பல் 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவுகளை அடைந்தது. (அதன் பெயரும் விக்டோரியாதான், ராணி பிறக்க இன்னும் கிட்டத்தட்ட 300 வருடம் இருந்தது.) கப்பல் கணக்கில் அன்று புதன், கரையில் விசாரித்தால் வியாழன். அந்தக் கப்பலில் நோயில் படுக்காமல் தினமும் குறிப்பெழுதி வந்த பிகாஃபெட்டா என்பவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் ஒரு நாளையும் விடவில்லை. கப்பலில் ஒவ்வொரு நாளும் துளித்துளியாக நீண்டிருந்தது. கரையில் இருந்தவர்களைவிட அவர் ஒரு சூரிய உதயத்தைக் குறைவாகப் பார்த்திருந்தார்.