உங்கள் அறுபது மணித்தியாலம் எங்கே சேமிக்கப்படுகிறது?

சென்ற மாதம் ஆரையம்பதியிலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தார். கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தது கேம்பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் செருகும் ஒரு பழைய காட்ரிஜ், போக்கிமான் ரெட் என்ற விளையாட்டு. "அண்ணா, இதற்குள் ஒரு பற்றரி இருக்கிறதாம். அது செத்துப்போக முன்பு மாற்றித் தருவீர்களா?" என்று கேட்டார். கருவியில் போட்டுப் பார்த்தோம். அவருடைய அண்ணன் கனடாவுக்குப் போக முன்பு விளையாடியது அப்படியே இருந்தது: 112 மணித்தியாலம். அந்த விளையாட்டில் ஆடுபவரின் பெயருக்கு ஏழு எழுத்துக்குத்தான் இடமுண்டு. அண்ணனின் பெயர் அதைவிட நீளம். கடைசி இரண்டு எழுத்தை வெட்டிப் பதிந்திருந்தார்.

"பற்றரியைக் கழற்றிய கணமே இது அழிந்துவிடும்" என்று நான் சொன்னபோது தம்பியின் முகம் மாறிவிட்டது.

மட்டக்களப்பு கல்லடியில் கணினிகளும் விளையாட்டுக் கருவிகளும் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பழைய ரோல் பிளேயிங் விளையாட்டுகளை, அதாவது ஒரு பாத்திரத்தை ஏற்று, அதை வளர்த்தெடுத்து, நீண்ட கதையொன்றைக் கடந்துபோகும் விளையாட்டுகளை, இப்போது எப்படி விளையாடுவது என்று கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். பள்ளிக் காலத்தில் விளையாடியவர்கள் இப்போது பிள்ளைகளோடு வருகிறார்கள். எந்தக் கருவி வாங்கலாம், எங்கே பதிவிறக்கலாம், எது மலிவு என்பதுதான் அவர்களின் கேள்வி. நான் முதலில் கேட்பது வேறு: நீங்கள் விளையாடியது எங்கே சேமிக்கப்படும்? கார் ஓட்டும் விளையாட்டில் சேமிப்பு அழிந்தால் ஒரு பின்னேரம் போகும். இவற்றில் நாற்பது, அறுபது மணித்தியாலம் போகும். கருவி பழுதாகி வந்தவர்கள் விலையைப் பற்றிக் கதைப்பார்கள். சேமிப்பை இழந்து வந்தவர்கள் என் மேசையின் முன் பேசாமல் நின்றிருக்கிறார்கள்.

அந்தக் காட்ரிஜை எப்படிக் காப்பாற்றினோம் என்று சொல்கிறேன். இத்தகைய காட்ரிஜில் ஆடுபவரின் சேமிப்பு ஒரு சிறிய நினைவகச் சிப்பில் இருக்கிறது. மின்சாரம் இருக்கும் வரைக்கும்தான் அந்தச் சிப்புக்கு நினைவு. கருவியை நிறுத்திய பிறகு அதற்கு மின்சாரம் கொடுப்பது காசு வடிவிலான ஒரு லித்தியம் பற்றரி. போக்கிமான் ரெட் 1996இல் ஜப்பானில் வேறு பெயரில் தொடங்கி 1998இல் ஆங்கிலத்தில் வந்த விளையாட்டு. அந்தப் பற்றரிகள் கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டன. அதற்குப் பின் வந்த போக்கிமான் கோல்ட், சில்வர் காட்ரிஜ்களில் ஒரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் அவற்றின் பற்றரி இன்னும் விரைவாக வற்றிவிடும். ஆகவே முதல் வேலை பற்றரியைத் தொடுவதல்ல. யூ.எஸ்.பி. வழியாகக் கணினியில் செருகும் காட்ரிஜ் வாசிப்பான் என்னிடம் இருக்கிறது. தொடுமுனைகளை ஐசோபுரோபைல் அல்ககோலால் துடைத்து, அதில் செருகி, சேமிப்பை இரண்டு முறை வெவ்வேறாகப் படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டேன். மொத்தம் 32 கிலோபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தின் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அண்ணனின் 112 மணித்தியாலமும் அதற்குள் அடங்கிவிட்டது. பிறகுதான் பழைய பற்றரியைக் கழற்றி, உலோகத் தகடு பொருத்தி வரும் புதியதை ஈயம் பற்றவைத்தேன். சேமிப்பைத் திரும்ப எழுதினேன். வெறும் பற்றரியின் மேல் நேரடியாகப் பற்றவைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கக்கூடும். ஒட்டுநாடாவால் சுற்றி ஒட்டினாலும் ஒருநாள் விலகிவிடும்.

பழைய கருவியிலேயே விளையாட வேண்டும் என்ற ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் நம் ஊரின் காற்று அதற்கு எதிரி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்பும் ஈரமும் சேர்ந்து தொடுமுனைகளைப் பச்சையாக்கிவிடும். வாயால் ஊதுவது இன்னும் கெடுதல், எச்சில் ஈரம் அரிப்பைக் கூட்டும். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கருவிகளை வாங்குகிறவர்கள் பின்புறம் எழுதியிருக்கும் வோல்ட் அளவைக் கட்டாயம் பாருங்கள். அங்கே 100 வோல்ட், நமக்கு 230. நேரே சொருகி எரித்துக் கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 2 கருவிகள் என் அலுமாரியில் உதிரிப்பாகங்களாகக் கிடக்கின்றன. இன்னொன்று: ஐரோப்பாவிலும் நம் பக்கத்திலும் விற்ற, PAL என்ற தொலைக்காட்சி முறைக்கான பதிப்புகள் 50 ஹேர்ட்ஸ் தொலைக்காட்சிக்காக மாற்றப்பட்டவை. அவற்றில் பல, 60 ஹேர்ட்ஸ் மூலப்பதிப்பைவிடக் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். சிறுவயதில் நாம் கேட்ட இசையே மெதுவானதாக இருந்திருக்கலாம்.

இனி இலவசப் பதிவிறக்கம். இதில் நான் நிறைய நேரம் செலவிடுவேன், ஏனென்றால் கடைக்கு வரும் துன்பத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது. குரோனோ ட்ரிகர் 1995இல் வந்த விளையாட்டு. அதன் காட்ரிஜில் இருந்த தரவு முழுவதும் 4 மெகாபைட். ஏறாவூரிலிருந்து ஓர் இளைஞர் கொண்டுவந்த மடிக்கணினியில் அதே பெயரில் 90 மெகாபைட் நிறுவல் கோப்பு இருந்தது. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப் (zip) சுருக்கக் கோப்புக்குள் வந்திருக்கிறது. "வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு நிறுவவும்" என்று கூடவே ஒரு குறிப்பு. அவர் சொன்னபடி நிறுத்தியிருக்கிறார். இரண்டு நாளில் அவருடைய முகநூல் கணக்கிலிருந்து லண்டனில் உள்ள மாமாவுக்கு அவசரமாகப் பணம் கேட்டுச் செய்தி போயிருக்கிறது. மாமா அனுப்பியும் விட்டார். உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போகும் நிரல் அது. 4 மெகாபைட் விளையாட்டுக்கு 90 மெகாபைட் நிறுவல் கோப்பு எதற்கு என்று ஒருமுறை நிதானித்திருந்தால் போதும். பழைய காட்ரிஜ் கருவிகளின் விளையாட்டுத் தரவுக்கு நிறுவலே தேவையில்லை.

இதைச் சொல்லும்போது சிலர் என்னிடம் கோபப்படுவார்கள்: விற்பனையிலேயே இல்லாத விளையாட்டை வேறெப்படிப் பெறுவது? அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 வீதம் இப்போது எந்த வடிவிலும் விற்பனையில் இல்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கண்டறிந்தது. நிறுவனங்கள் தங்கள் பழைய படைப்புகளைக் கைவிட்டதற்கு வாசகரைக் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. நீங்கள் சட்டப்படி வைத்திருக்கும் பிரதிக்குக் காப்புப்பிரதி எடுப்பது ஒன்று, ஊர்பேர் தெரியாத தளத்திலிருந்து அள்ளுவது வேறொன்று. தவிர, என்னிடம் கேட்கப்படும் பெரும்பாலான பெயர்கள் அந்த 87 வீதத்துக்குள் இல்லை. ஃபைனல் ஃபேண்டஸி, டிராகன் குவெஸ்ட், பால்டர்ஸ் கேட், டயப்லோ, ஃபாலவுட் ஆகிய எல்லாமே இன்று காசு கொடுத்து வாங்கக்கூடியவை.

எந்தப் பதிப்பு என்பதில்தான் குழப்பம். களுவாஞ்சிகுடியிலிருந்து வரும் ஓர் ஆசிரியர் 1997இன் ஃபைனல் ஃபேண்டஸி 7ஐத் திரும்ப விளையாட விரும்பி, 2020இல் வந்த ரீமேக்கை வாங்கிவிட்டார். அது பழைய மூன்று இறுவட்டுக் கதையின் தொடக்க நகரத்தை மட்டும் புதிதாகச் சொல்வது. சண்டை முறையும் வேறு. அதன் தொடர்ச்சியான ரீபர்த் கணினியில் 150 ஜிகாபைட்டுக்கு மேல் இடம் கேட்கும். அவர் தேடிய பழைய விளையாட்டோ மூலவடிவிலேயே, மிகக் குறைந்த விலைக்குத் தனியாக விற்பனையில் இருந்தது. முதல் ஆறு ஃபைனல் ஃபேண்டஸிகளுக்கும் 2021, 2022இல் வந்த பிக்சல் ரீமாஸ்டர் பதிப்புகளை நான் தயங்காமல் சொல்வேன். பின்னர் வந்த வடிவங்களில் பழைய இசையைத் தெரிவு செய்யலாம், எழுத்துருவை மாற்றலாம், வழியில் திடீரென வரும் சண்டைகளை நிறுத்தி வைக்கலாம். வேலைக்குப் போய்வந்து இரவில் ஒரு மணித்தியாலம் விளையாடுகிறவருக்கு அது பெரிய உதவி. டயப்லோ 2இன் 2021ஆம் ஆண்டுப் பதிப்பு எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது. ஒரு பொத்தானில் 2000ஆம் ஆண்டின் பழைய தோற்றத்துக்கு மாறலாம். அதைவிட, தனியாக விளையாடிய பழைய சேமிப்புக் கோப்பை அப்படியே உள்ளே கொண்டுவரலாம். இருபது ஆண்டுக்கு முந்தைய பாத்திரம் எழுந்து நடக்கும்.

பழைய இறுவட்டுகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொண்ணூறுகளின் பல விளையாட்டுகளில் நிறுவும் நிரல் 16 பிட். இன்றைய 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்காது. நகலெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு உள்ளவற்றை விண்டோஸ் 10 ஏற்காது. இறுவட்டில் பழுது இல்லை, தேய்க்காதீர்கள். 2008இல் தொடங்கிய ஜி.ஓ.ஜி. தளம் இப்படிப்பட்டவற்றை இன்றைய கணினியில் ஓடும்படி சீர்செய்து, பூட்டு எதுவும் இல்லாமல் விற்கிறது. நிறுவல் கோப்பை இறக்கி வெளி வன்தட்டில் வைத்துக்கொண்டால், இணைப்பு இல்லாத நாளிலும் நிறுவலாம். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால், வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். டொலரில்தான் விலை காட்டும். பருவகாலத் தள்ளுபடி வரும்வரை பொறுத்திருங்கள்.

இனி மீண்டும் சேமிப்பு. எமுலேட்டர், அதாவது பழைய கருவியைப் போல நடந்து அதன் விளையாட்டுகளைக் கணினியிலோ கைப்பேசியிலோ ஓட்டும் நிரல், பாவிப்பவர்கள், நினைத்த இடத்தில் நிறுத்திவைக்கும் வசதியை மட்டும் நம்பி விளையாடுகிறார்கள். எமுலேட்டரைப் புதுப்பித்ததும் அந்தக் கோப்பு திறக்காமல் போகலாம். விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் சேமிப்பு இடத்திலும் இடையிடையே சேமித்துவிடுங்கள். கைப்பேசியில் செயலியை நீக்கினால் பெரும்பாலும் சேமிப்பும் போய்விடும்; இடம் போதவில்லை என்று தங்கை நீக்கிய ஒரு விளையாட்டுக்காக வீட்டில் பெரிய சண்டையே நடந்ததை ஒரு தாய் என்னிடம் சொல்லி வருந்தினார். ஐபோன்களில் 2017இன் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் விளையாட்டுகள் எல்லாம் ஒரே நாளில் திறக்காமல் போயின. காசு கொடுத்து வாங்கியவைதான் அவை. சேமிப்பின் பிரதியை இணையத்தில் வைக்கும் மேகச் சேமிப்பும் எல்லா விளையாட்டுக்கும் இல்லை. வாங்க முன்பு கடைப் பக்கத்தில் அந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். 2022இல் ஒருநாள் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற காலத்தில், சேமித்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்க் கெட்ட கோப்புகளை வாரக்கணக்கில் பார்த்தேன். மேசைக் கணினி என்றால் ஒரு யூ.பி.எஸ். இருக்கட்டும், இரண்டு சேமிப்பு இடங்களை மாறி மாறிப் பாவியுங்கள்.

ஒரு தவற்றை நானும் செய்திருக்கிறேன். பல ஆண்டுக்கு முன், உயர்தரப் பரீட்சை முடித்த ஒரு பிள்ளையின் கணினியை அழித்து விண்டோஸை மீள நிறுவினேன். ஆவணங்கள், படங்கள் எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டேன். அந்த விளையாட்டின் சேமிப்பு ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறையில் இருந்திருக்கிறது. அவள் என்னைத் திட்டவில்லை. "கடைசிக் கட்டம் மட்டும்தான் இருந்தது, அண்ணா" என்றாள். அதன் பிறகு என் கடையில் திருத்தத்துக்குக் கணினியைப் பொறுப்பேற்கும் துண்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: நீங்கள் விளையாடும் விளையாட்டுகளின் பெயர். வெட்கப்படாமல் எழுதுங்கள், பெற்றோர் அருகில் நின்றாலும் எழுதுங்கள். எந்தத் திருத்துநரிடம் போனாலும், அழிக்க முன்பு அந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் சேமிப்பும் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று தேடி எடுக்க எனக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும்.

ஆரையம்பதித் தம்பி அடுத்த நாள் வந்து காட்ரிஜை எடுத்துப் போனார். சேமிப்புக் கோப்பை அவருடைய மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி, கனடாவிலுள்ள அண்ணனுக்கு ஒரு பிரதி அனுப்பிவைத்தேன். மூடியைத் திருகும் முன், உள்பக்கத்தில் பற்றரி மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் அழியாத மையால் எழுதினேன். இனி அதைத் திறக்கிறவர் எவராக இருந்தாலும் அவருக்கு அது தேவைப்படும்.