இடிமேகத்தில் ரேடார் எதைப் பார்க்கிறது, எதைத் தவறவிடுகிறது

விமானத்தின் மூக்கில் இருக்கும் வானிலை ரேடார் முதன்மையாகத் தேடுவது தண்ணீரை. சுமார் 3 சென்டிமீட்டர் அலைநீளத்தில் அது அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டால் நன்றாகத் திரும்பும். காய்ந்த பனிப்படிகத்தில் பட்டால் மிகக் குறைவாகவே திரும்பும். இதனால்தான் இடிமேகத்தின் கீழ்ப்பகுதி திரையில் சிவப்பாக, அதாவது வலுவான எதிரொலியாகத் தெரியும்போது, 35,000 அடியில் அதே மேகத்தின் தலை பச்சையாகவோ (பலவீனமான எதிரொலி) வெறும் கறுப்பாகவோ (எதிரொலியே இல்லை) தெரியக்கூடும். குலுக்கலோ அங்கும் கடுமையாகவே இருக்கும். ஆகவே உயரப் பறக்கும் விமானி ஆன்டெனாவைக் கீழே சாய்த்து, மேகத்தின் ஈரமான பகுதியைத் தேட வேண்டும். புதிய ரேடார்கள் இதைத் தாமே செய்கின்றன. டாப்ளர் முறையில், அதாவது திரும்பும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு, துளிகளின் வேக மாறுபாட்டை அளந்து, சுமார் 40 கடல் மைலுக்குள் கொந்தளிப்பையும் காட்டுகின்றன. துளியே இல்லாத காற்றில் அந்த வசதி பயன்படாது.

இதைவிட ஆபத்தானது ரேடார் நிழல். கனமழை அலையை விழுங்கிவிடுவதால், அதற்குப் பின்னால் இருப்பது திரையில் வராது. கறுப்பாகத் தெரியும் இடம் திறந்த வழிபோல் தோன்றும். 1977 ஏப்ரலில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சதர்ன் ஏர்வேஸின் டிசி-9 விமானம் கடும் புயல்மேகத்துக்குள் போனது. மழையிலும் ஆலங்கட்டியிலும் இரண்டு இன்ஜின்களும் நின்று விமானம் விழுந்தது. அந்த விபத்தில் ரேடார் நிழலுக்கும் பங்கிருந்தது. கடுமையான இடிமேகத்திலிருந்து 20 கடல் மைலாவது விலகிப் போகச் சொல்வது வீண் எச்சரிக்கை அல்ல. விலகும்போது காற்று வந்து மோதும் பக்கமாகப் போவதே நல்லது. ஆலங்கட்டி பெரும்பாலும் மறுபக்கம்தான் வீசப்படுகிறது.

அப்படியும் உள்ளே சிக்கிவிட்டால், முதலில் வேகம். போயிங் 737-800க்கு 280 நாட் (மணிக்கு 280 கடல் மைல்) அல்லது மாக் 0.76 (ஒலியின் வேகத்தில் 0.76 பங்கு), இதில் எது குறைவோ அது. மேலெழும் காற்று இறக்கையில் ஏற்றும் சுமை, அந்தக் காற்றின் வேகத்தோடு விமானத்தின் வேகமும் கூடக் கூட உயரும். மிக மெதுவாகப் போனாலோ, அதே காற்று இறக்கையை ஸ்டாலுக்கு, அதாவது தூக்குவிசையை இழக்கும் நிலைக்குத் தள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த எண் இருக்கிறது.

பிறகு இன்ஜின் விசையைத் தானாக மாற்றும் ஆட்டோத்ராட்டிலை அணைத்து, விசையை ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேகமுள்ளின் ஒவ்வொரு துள்ளலுக்கும் அது விசையை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். ஆட்டோபைலட் இயங்கட்டும். மூக்கின் கோணமும் இறக்கைகளின் சமநிலையும் காக்கப்பட வேண்டும். உயரம் சில நூறு அடி மாறினால் மாறட்டும். கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னால் போதும். உயரத்தைப் பிடித்தே தீருவேன் என்று எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால்பகுதித் தகடு) இழுத்தால், காற்று தரும் சுமையோடு விமானி தரும் சுமையும் சேரும். திரும்பி வர முயல்வதும் தவறு: சாய்ந்து திரும்பும்போது சுமை கூடும், மேகத்துக்குள் இருக்கும் நேரமும் பெரும்பாலும் நீளும்.