இருபதாயிரம் என்று போட்டிருக்கிறதே!

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையைக் கடந்த பிறகு, கடலூர் மாவட்டத்தில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அதனால்தானோ என்னவோ, ஐப்பசி நெருங்கினாலே சோலார் பவர் பேங்க் பற்றிய விசாரிப்பு என்னிடம் கூடிவிடுகிறது. முதுநகர்க் கடைக்காரர் ஒருவர், "இருபதாயிரம் என்று போட்டிருக்கிறதே தம்பி, ரவுட்டரும் கேமராவும் ஒரு நாள் ஓடாதா?" என்று கேட்டார்.

ஓடாது. அந்த 20,000 மில்லிஆம்பியர்-மணி, உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. பெருக்கிப் பார்த்தால் 74 வாட்-மணி. ரவுட்டருக்கு வேண்டிய 12 வோல்ட்டாக உயர்த்தும்போது ஏற்படும் இழப்பு போக, கைக்கு வருவது ஏறக்குறைய 60. ரவுட்டரும் கேமராவும் சேர்ந்து 10 வாட் இழுத்தால் ஆறு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பவர் பேங்கின் முதுகில் ஒட்டியிருக்கும் உள்ளங்கையளவு சோலார் தகடு ஒன்றரை வாட் தந்தாலே அதிகம். அதை நம்பினால் ஒருமுறை நிறைய இரண்டு வாரம் பிடிக்கும். அதற்காக மொட்டை மாடியில் வெயிலில் வைப்பது இன்னும் மோசம். 45 டிகிரிக்கு மேல் சூடேறிய லித்தியம் செல்லை சார்ஜ் செய்யவே கூடாது. உப்பிப்போன பவர் பேங்கை அன்றே ஒதுக்கிவிடுங்கள். ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றப் பார்ப்பவர்களும் உண்டு, தீப்பிடிக்கும்.

இரவும் பகலும் ஓட வேண்டுமென்றால் பேனலைவிட பேட்டரியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். 10 வாட், 24 மணி நேரம்: 240 வாட்-மணி. நம் ஊர் அடைமழையில் இரண்டு நாளாவது சூரியன் முகம் காட்டாது என்று வைத்துக்கொண்டால் 480. 12.8 வோல்ட், 40 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி சரியாக இருக்கும். ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் இரு மடங்கு வாங்க வேண்டும். பேனல் 100 வாட் குறைந்தபட்சம். நல்ல வெயிலில் இழப்பு போக அது ஒரு நாளைக்கு 350 வாட்-மணி தந்தாலும், அன்றைய செலவு போக மிஞ்சுவது 110தான். காலியான பேட்டரி நிறைய நான்கைந்து நாள் ஆகும். இடமிருந்தால் 150 வாட்டாகவே போடச் சொல்வேன்.

எனக்கு எரிச்சலூட்டுவது இன்வெர்ட்டர். பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கி, அடாப்டரில் மறுபடியும் 12 ஆக்குகிறார்கள். அந்த இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே ரவுட்டர் அளவுக்கு மின்சாரம் தின்னக்கூடும். இன்வெர்ட்டர் இல்லாமல், பேட்டரி தரும் டிசியிலேயே (நேர்மின்சாரம்) நேரடியாக ஓட்டுங்கள். ஆனால் சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டும். நடுவில் 12 வோல்ட்டில் நிறுத்தும் கன்வெர்ட்டர் அவசியம். பேட்டரியின் பாசிட்டிவ் முனையருகே ஃபியூஸ் இல்லாமல் யாருக்கும் இணைப்புக் கொடுக்கமாட்டேன்.

தேவனாம்பட்டினம் பக்கம் வீடென்றால் உப்புக்காற்று வேறு. துருப்பிடிக்காத ஸ்டீல் திருகுகளைப் போட்டு, பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள். பேனலில் படியும் உப்பை நல்ல தண்ணீரால், வெயிலுக்கு முன் காலையில் கழுவிவிடுங்கள்.