வேதி ஏற்பி: உணரியும் அல்ல, வாங்கியும் அல்ல

"பாம்பு தன் நாக்கிலுள்ள இரசாயன உணரிகளால் காற்றைச் சுவைத்துப் பார்க்கிறது." விலங்குகளைப் பற்றிய தமிழாக்கப் படங்களில் இந்த வாக்கியமோ இதன் சாயலில் இன்னொன்றோ வந்துகொண்டே இருக்கிறது. இதில் இரண்டு பிழைகள். பாம்பின் நாக்கு காற்றிலும் தரையிலும் உள்ள மூலக்கூறுகளை ஒற்றி எடுத்து வருவதோடு சரி. அவற்றை இனங்காணும் இடம் மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பு. அது மோப்பத்தோடு சேர்ந்த உறுப்பு, சுவையோடு சேர்ந்ததல்ல. இது முதல் பிழை, அறிவியல் தெரியாததால் வந்தது. இரண்டாவது பிழை 'உணரி' என்ற சொல்லே. எனக்கு ஆற்றாமை அதில்தான்.

மூலச் சொல் கீமோரெசப்டர், வேதிப்பொருளை இனங்காணும் அமைப்பு. 'கீமோ' இரசவாதத்தைக் குறித்த பழைய கிரேக்க, அரபுச் சொற்களின் வழி வந்தது. 'ரெசப்டர்' லத்தீன், பெற்றுக்கொள்வது என்று பொருள். தமிழில் முன்பாதிக்கு 'வேதி' போதும். வேதித்தல் என்றால் ஒன்றை வேறொன்றாக மாற்றுதல். சித்தர் மரபில் புழங்கிய சொல். 'இரசாயனம்' என்று எழுதினாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். சிக்கல் பின்பாதியில் இருக்கிறது. அதற்கு 'உணரி', 'வாங்கி', 'ஏற்பி' என்று மூன்று சொற்கள் முன்னே நிற்கின்றன.

ரெசப்டர் என்பதை ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு பேர் இரண்டு பொருளில் ஆண்டார்கள். ஜெர்மன் மருத்துவ அறிஞர் பால் எர்லிக் 1900 வாக்கில் செல்லின் மேலிருந்து குறிப்பிட்ட பொருளைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு அமைப்பை அப்படி அழைத்தார். கீமோதெரபி என்ற சொல்லையும் வழங்கியவர் அவரே. ஆங்கிலேய நரம்பியலாளர் சார்லஸ் ஷெரிங்டன் 1906-இல் புலனுறுப்பையும் அதன் உணர்வுச் செல்லையும் அதே சொல்லால் குறித்தார். ஆங்கிலம் இன்றும் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழப்பத்தையும் சேர்த்தா நாம் இறக்குமதி செய்ய வேண்டும்?

'உணரி'யை எடுத்துக்கொள்வோம். வெப்ப உணரி, அசைவு உணரி என்று கருவிகளுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. கருவி தூண்டலைப் பெறுகிறது, மின்குறிப்பாக மாற்றுகிறது, செய்தி சொல்கிறது. மூக்கின் செல்லில் இருக்கும் ஏற்பிப் புரதம் இத்தனையும் செய்வதில்லை. மணமூட்டும் மூலக்கூறு வந்து பொருந்தியதும் புரதத்தின் வடிவம் சற்று மாறும். அவ்வளவுதான் அதன் வேலை. மற்றவற்றை அந்தச் செல், நரம்பு, மூளை மூன்றும் பார்த்துக்கொள்கின்றன. பூனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நாக்கு உண்டு, சுவை அரும்புகள் உண்டு, நரம்பு உண்டு. ஆனால் இனிப்பு ஏற்பியின் ஒரு பாதியை உருவாக்கும் மரபணு பழுதாகிவிட்டதால் அது சர்க்கரையின் இனிப்பை அறியாது. "பூனைக்குச் சுவை உணரி இல்லை" என்று மொழிபெயர்த்தால், படிப்பவர் பூனைக்கு எந்தச் சுவையுமே தெரியாது என்றல்லவா நினைப்பார்?

இன்னொன்று, நம் கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் ஒரு சிறு செல்திரள் இருக்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதைக் கண்டு மூச்சை முடுக்கிவிடுவது அதுவே. மூச்சைச் சீராக்குவதில் அதன் பங்கைக் கண்டதற்காகப் பெல்ஜிய உடலியலாளர் கார்னேய் ஹெய்மன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. இங்கும் வேதி ஏற்பு நடக்கிறது. ஆனால் அந்த ஆக்சிஜன் அளவை நாம் மணமாகவோ சுவையாகவோ உணர்வதே இல்லை. பிறகு 'உணரி' என்பது எப்படிப் பொருந்தும்?

சரி, 'வாங்கி'? ஒலிவாங்கியின் வழியில் வந்த நல்ல தமிழ்ச் சொல், ஐயமில்லை. ஆனால் வாங்கியது கையில் தங்கும் என்ற எண்ணம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. மண மூலக்கூறு செல்லுக்குள் போவதில்லை. வெளியே பொருந்தி, பிரிந்து போய்விடுகிறது.

என் வாக்கு 'ஏற்பி'க்கு. ஏல் என்ற வேர் பெற்றுக்கொள்வதை மட்டும் சொல்வதில்லை, பொருந்துவதையும் சொல்கிறது. 'அவனுக்கு ஏற்ற வேலை' என்கிறோமே, அந்தப் பொருள். ரெசப்டர் என்ற லத்தீன் வழிச் சொல்லில் இந்தப் பொருத்தம் இல்லை. மோப்பத்தின் அடிப்படையோ பொருத்தம்தான். லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 1991-இல் மண ஏற்பிகளின் பெரிய மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்தார்கள். 2004-இல் நோபல் பெற்றார்கள். மனிதரில் வேலை செய்யும் மண ஏற்பி மரபணுக்கள் ஏறத்தாழ 400, எலியில் சுமார் ஆயிரம். ஒரே மணம் ஓர் ஏற்பிக்கு நன்றாக ஏற்கும், இன்னொன்றுக்கு ஓரளவு ஏற்கும், மற்றொன்றுக்கு ஏற்கவே ஏற்காது. எவையெவை எவ்வளவு தூண்டப்பட்டன என்ற கோலத்தைக் கொண்டே மூளை மணத்தைப் பிரித்தறிகிறது. இத்தனையும் 'ஏல்' என்ற ஒரு வேரில் அடங்கிவிடுகிறது.

ஆகவே மூலக்கூறுக்கு 'ஏற்பி', அதைத் தாங்கும் செல்லுக்கு 'உணர்செல்' என்று பிரித்துக்கொள்வோம். மண ஏற்பி, சுவை ஏற்பி, பொதுவில் வேதி ஏற்பி. இப்படிப் பிரித்தால் ஈயைப் பற்றியும் தெளிவாக எழுதலாம்: ஈயின் காலில் உள்ள நுண்மயிர்களில் உணர்செல்கள், அந்தச் செல்களின் சவ்வில் சுவை ஏற்பிகள். கெளுத்தி மீனுக்கு உடம்பெல்லாம் சுவை அரும்புகள். அரும்புக்குள் உணர்செல்கள், அவற்றில் ஏற்பிகள்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு குறையும் உண்டு. 'நாயின் வாசனை உணர்திறன்' என்று நீட்டி முழக்குகிறார்கள். 'மோப்பம்' என்ற ஒரு சொல் என்ன தவறு செய்தது? முகர்தல், மோத்தல் என்ற வினைகளைத் தொடுவதே இல்லை, எல்லாவற்றுக்கும் 'உணர்தல்' ஒன்றுதான். குறளில் ஐந்து புலன்களுக்கான பட்டியலில் மணத்துக்கு நின்ற சொல் 'நாற்றம்'. அதைக் கெட்ட வாடைக்கு ஒதுக்கிவிட்டோம். மீட்பது இனி கடினம். மோப்பத்தையாவது விட்டுவிடாமல் எழுதலாம்.