முதலிடம் பிடித்தும் நாற்காலி கிடைக்காதது ஏன்? தாய்லாந்தின் கூட்டணிக் கணக்கு

2023 ஜூலை 13. பாங்காக் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறார்கள். பெயர் வந்ததும் அவர் எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்ல வேண்டும்: ஆதரவு, எதிர்ப்பு அல்லது நடுநிலை. ரகசிய வாக்கு கிடையாது. பிரதமர் பதவிக்கு வேட்பாளர் ஒரே ஒருவர்தான். மே மாதத் தேர்தலில் 151 இடங்களோடு முதலிடம் பிடித்த மூவ் ஃபார்வர்டு கட்சியின் பிட்டா லிம்ஜரோன்ராட். அவருக்கு ஆதரவாக 324 பேர், எதிராக 182 பேர். அப்படியும் பிட்டா தோற்றுப்போனார்.

எப்படி? 2017 அரசமைப்புச் சட்டத்தில் அதற்கான பூட்டு இருந்தது. கீழவையில் மக்கள் தேர்ந்தெடுத்த 500 பேர். அவர்களோடு, ராணுவ ஆட்சி நியமித்த 250 செனட்டர்களும் (மேலவை உறுப்பினர்கள்) சேர்ந்து பிரதமரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஓர் ஏற்பாடு. மொத்தம் 750; பாதிக்கு மேல் என்றால் 376. செனட் முழுவதும் உங்கள் பக்கம் இருந்தால் கீழவையில் 126 பேர் போதும், அதாவது கால்வாசி. செனட் உங்களுக்கு எதிராக இருந்தால் அதே 500 பேரில் 376 பேரைத் திரட்ட வேண்டும், முக்கால்வாசி. 2019இல் 136 இடங்களோடு முதலில் வந்தது பியூ தாய் கட்சிதான். ஆனாலும் 116 இடங்கள் பெற்ற கட்சி முன்னிறுத்திய முன்னாள் ராணுவத் தளபதி பிரயுத் சான்-ஓ-ச்சா 500 வாக்குகளோடு பிரதமரானார். செனட்டில் 249 பேர் அவருக்கே வாக்களித்தார்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வேண்டிய பெரும்பான்மையை, வாக்களித்தவர்களை வைத்து அல்ல, மொத்த உறுப்பினர்களை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதனால் நடுநிலை என்று சொன்னாலும் சபைக்கே வராவிட்டாலும், அது எதிர்ப்பு வாக்குக்குச் சமம். பிட்டாவுக்கு ஆதரவு தந்த செனட்டர்கள் 13 பேர். எதிர்த்தவர்கள் 34 பேர் மட்டுமே. 159 பேர் நடுநிலை, 43 பேர் வரவே இல்லை. முடியாட்சி அவமதிப்புச் சட்டத்தைத் திருத்துவோம் என்ற அவருடைய வாக்குறுதியைப் பலரும் ஏற்கவில்லை. ஆனால் எதிர்க்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை. 1.4 கோடிக்கும் அதிகமான மக்களின் வாக்கு இப்படிச் சத்தமில்லாமல் தள்ளிவைக்கப்பட்டதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அப்புறம் நடந்ததும் இதே கணக்கின் விளைவுதான். 141 இடங்கள் வைத்திருந்த பியூ தாய், மூவ் ஃபார்வர்டைக் கைவிட்டு, தேர்தலில் தான் எதிர்த்து நின்ற ராணுவ ஆதரவுக் கட்சிகளோடு கைகோத்தது. 11 கட்சிகள், 314 எம்.பி.க்கள். அந்தச் சேர்க்கையைப் பார்த்ததும் செனட்டின் கதவு திறந்தது. ஆகஸ்ட் 22 அன்று பியூ தாயின் சிரேத்தா தவிசின் 482 வாக்குகளோடு பிரதமரானார். அதே நாள் காலையில், 15 ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்த முன்னாள் பிரதமர் தக்சின் ஷினவத்ரா நாடு திரும்பினார்.

2024 மே மாதத்தோடு செனட்டின் அந்த அதிகாரம் முடிந்தது. சரி, இனி கீழவையில் யாருக்கு எண்ணிக்கை இருக்கிறதோ அவர்தானே பிரதமர்? அதுவும் இல்லை. யாரை வேண்டுமானாலும் பிரதமராக முன்மொழிய முடியாது. தேர்தலுக்கு முன்பே ஒவ்வொரு கட்சியும் அதிகபட்சம் மூன்று பெயர்களைக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கட்சிக்குக் குறைந்தது 25 எம்.பி.க்கள் இருக்க வேண்டும். நடுவில் புதுப்பெயர் சேர்க்க வழியில்லை. நீதிமன்றம் ஒருவரை நீக்கினால் பட்டியலில் ஒரு பெயர் குறையும், அவ்வளவுதான்.

பட்டியல் அப்படித்தான் குறைந்துகொண்டே வந்தது. மூவ் ஃபார்வர்டு கொடுத்திருந்தது பிட்டாவின் பெயரை மட்டும்தான். 2024 ஆகஸ்ட் 7 அன்று அரசமைப்பு நீதிமன்றம் கட்சியையே கலைத்து, அவருக்குப் பத்தாண்டு தடை விதித்தது. ஒரு வாரத்தில் சிரேத்தா நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த பேதோங்தான், தக்சினின் மகள். கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னிடம் தொலைபேசியில் பேசும்போது அவரை மாமா என்று அழைத்து, தன் நாட்டு ராணுவத் தளபதி ஒருவரைக் குறை சொன்னார். 2025 ஜூனில் அந்த ஒலிப்பதிவு வெளியே கசிந்தது. பூம்ஜாய்தாய் கட்சி கூட்டணியை விட்டு வெளியேறியது. ஆகஸ்ட் 29 அன்று நீதிமன்றம் பேதோங்தானையும் நீக்கியது.

இப்போதுதான் கணக்கு விசித்திரமாகிறது. சபையில் அப்போது இருந்தவர்கள் 492 பேர், தேவை 247. பியூ தாய் அணிக்கும் அந்த எண் எட்டவில்லை, பூம்ஜாய்தாய் அணிக்கும் எட்டவில்லை. கலைக்கப்பட்ட கட்சியின் எம்.பி.க்கள் சேர்ந்த மக்கள் கட்சியிடம் 143 பேர். சபையிலேயே பெரிய கட்சி அதுதான், ஆனால் பட்டியலில் அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. யாரைப் பிரதமராக்குவது என்று முடிவு செய்யலாம், தானே பிரதமராக முடியாது.

அந்த எம்.பி.க்களின் ஆதரவுக்கு ஈடாக மக்கள் கட்சியினர் கேட்டது அமைச்சர் பதவி அல்ல. நான்கு மாதத்தில் சபையைக் கலைக்க வேண்டும், புதிய அரசமைப்புச் சட்டத்துக்கு வழி செய்ய வேண்டும், நாங்கள் எதிர்க்கட்சி வரிசையிலேயே இருப்போம் என்று எழுதி பூம்ஜாய்தாயிடம் கையெழுத்து வாங்கினார்கள். என் பார்வையில் இந்தக் கதையிலேயே துணிச்சலான நகர்வு இதுதான். செப்டம்பர் 5 அன்று பூம்ஜாய்தாயின் அனுதின் சார்ன்விரகுல் 311 வாக்குகளோடு பிரதமரானார். பியூ தாயிடம் மிச்சமிருந்த ஒரே வேட்பாளர் சைகாசெம் நிதிசிரிக்கு 152.

சபை டிசம்பர் 12 அன்று கலைக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள் மக்கள் கட்சியும் பூம்ஜாய்தாயும் முறித்துக்கொண்டது வேறொரு கணக்கில்: அரசமைப்பைத் திருத்த செனட்டர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சம்மதிக்க வேண்டும் என்ற விதி நீடிக்க வேண்டுமா, வேண்டாமா?